பாஸ்டன் வானம் சிவக்குமா?

"இன்றிரவு வடதுருவ ஒளி தெரியும் மாநிலங்கள்" என்று ஒரு வரைபடம் அடிக்கடி செய்தித் தளங்களில் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் மேல்பாதியில் ஒரு கோடு நெளிந்து போகும். அதற்கு வடக்கே இருப்பவர்கள் எல்லாரும் பாக்கியசாலிகள். பாஸ்டன் இருக்கும் எங்கள் மாசசூசெட்ஸ் மாநிலம் சில நாள் கோட்டுக்கு உள்ளே இருக்கும், சில நாள் வெளியே. வந்த வேகத்தில் அது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்ற ஆரம்பிக்கும். "இன்று போகலாமா?" என்று ஒருவர் கேட்பார். யார் வீட்டுக் கார், ஃபிளாஸ்கில் டீயா காபியா என்பது வரை பேச்சு வளர்ந்துவிடும்.

என் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: போக வேண்டாம், சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். ஆசையைக் கெடுக்கிற ஆள் என்று குழுவில் எனக்குப் பெயர். ஆனால் 2024 அக்டோபர் 10 அன்று மதியம் "இன்று மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்று முதலில் எழுதியவனும் நான்தான். அந்த வரைபடம் சொல்லாமல் விடுகிற சில விஷயங்களைப் பார்த்துத்தான் அன்றைக்கு அப்படி எழுதினேன், மற்ற நாட்களில் இப்படி எழுதுகிறேன்.

சூரியனிலிருந்து வரும் துகள் கூட்டம் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும்போதுதான் இந்த ஒளி தெற்கே வரை தெரியும். அந்த உலுக்கலுக்குப் பெயர் புவிகாந்தப் புயல். அதை அமெரிக்காவின் விண்வெளி வானிலை முன்னறிவிப்பு மையம் ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரிக்கிறது. அதற்கு அடிப்படை கே.பி. என்னும் எண். பூமியின் காந்தப்புலம் எவ்வளவு ஆட்டம் கண்டிருக்கிறது என்பதை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கணக்கிட்டு, 0-லிருந்து 9 வரை மதிப்பெண் போடுவார்கள். கே.பி. 5 என்றால் ஜி1. கே.பி. 9 என்றால் ஜி5. செய்தித் தளங்கள் கூச்சல் போடுவது பெரும்பாலும் ஜி1-க்கும் ஜி2-க்கும்தான். மெய்ன் மாநிலத்தின் வட எல்லையில் காட்டுக்குள் வீடு வைத்திருப்பவருக்கு அது நல்ல செய்தி. பாஸ்டன்காரருக்கு ஜி3 வந்தால்தான் பேச்சே தொடங்குகிறது. அதுவும் ஊரைவிட்டுத் தள்ளி, இருண்ட கரையில் நின்றால். நகரத்துக்குள்ளிருந்தே நிமிர்ந்து பார்க்க வேண்டுமானால் ஜி4 வேண்டும்.

ஜி4 எத்தனை முறை வரும்? அந்த மையத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. சூரியனின் ஆட்டம் ஏறி இறங்கும் 11 ஆண்டுச் சூரியச் சுழற்சி ஒன்றில் ஜி4 நாட்கள் சுமார் 60. ஜி5 நாட்கள் 4. ஆண்டுக்கு ஆறு என்று வாயைப் பிளக்க வேண்டாம். புயலின் உச்சம் சில மணி நேரம்தான். அதில் பாதி நமக்குப் பகலில் போய்விடும். மிச்சத்தில் பாதியை மேகம் எடுத்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் விடியற்காலை மூன்று மணிக்கு வந்து, நாம் குறட்டை விடும்போது போய்விடும். ஆண்டுக்கு ஒன்று மிஞ்சினால் பெரிது. அந்த ஒன்றும் ஆண்டுதோறும் முறை வைத்து வருவதில்லை. 2003 அக்டோபரில் ஒரு ஜி5 வந்தது. அடுத்தது 2024 மே 10-ஆம் தேதிதான். நடுவில் ஒரு முழுச் சூரியச் சுழற்சி ஒரு ஜி5 கூட இல்லாமல் கழிந்துபோயிற்று.

பகலில் போய்விடும் என்றேனே, அதற்கு இதே பாஸ்டனில் ஒரு புகழ்பெற்ற சாட்சி உண்டு. 1859 செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் சூரியனில் ஒரு வெள்ளை வெடிப்பைக் கண்டார். அது அனுப்பிய புயல் பதினேழு, பதினெட்டு மணி நேரத்தில் பூமிக்கு வந்துவிட்டது. செப்டம்பர் 2 காலை, பாஸ்டனிலிருந்த தந்தி ஊழியர் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் இருந்த ஊழியரிடம் பேட்டரியைக் கழற்றிவிடச் சொன்னார். தன்னுடையதையும் கழற்றினார். பேட்டரியே இல்லாத கம்பியில், வானத்துப் புயல் தூண்டிய மின்சாரத்தை வைத்தே இரண்டு மணி நேரம் தந்தி போய் வந்தது. பேட்டரி இருந்தபோது வந்ததைவிட நன்றாக வருகிறது என்று போர்ட்லண்ட்காரர் பாராட்டு வேறு. வெளியே நல்ல வெயில் நேரம். தலைக்கு மேல் எது ஆடியிருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அதே புயலைப் பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானியும் பதிவு செய்திருக்கிறது. புயலின் வீச்சு எவ்வளவு என்று ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அந்தப் பதிவைத்தான் தேடிப் போகிறார்கள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு பாஸ்டனுக்கு இருக்கும் ஒரு சலுகையையும் சொல்லிவிட வேண்டும். பாஸ்டன் இருப்பது 42.4 பாகை வட அட்சரேகையில். ரோம் நகரம் 41.9. ஏறக்குறைய ஒரே கோடு. ஆனால் துருவ ஒளி சுற்றுவது உலக உருண்டையில் ஆணி அடித்திருக்கும் துருவத்தை அல்ல, புவிகாந்தத் துருவத்தை. அது கனடாவின் எல்ஸ்மியர் தீவை ஒட்டி, வட அமெரிக்காவின் பக்கம் தள்ளி இருக்கிறது. ஆகவே காந்தக் கணக்கில் பாஸ்டன் சுமார் 52-ஆம் பாகையில் நிற்கிறது. ரோம் 42-ஐ ஒட்டியே கிடக்கிறது. ரோம்காரருக்குத் தலைமுறைக்கு ஒரு முறை கிடைப்பது, இந்த ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் சலுகையால் நமக்குச் சுழற்சிக்குச் சில முறை கிடைக்கிறது.

ஒளி பாஸ்டனுக்கு மேலேயே வந்து நிற்க வேண்டும் என்பதும் இல்லை. துருவ ஒளியின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். பச்சை நிறம் அங்கே. சிவப்பு 200 கிலோமீட்டருக்கு மேலே தொடங்கி, பெரிய புயலில் 400-ஐயும் தாண்டும். ஆக்சிஜன் அணு தூண்டப்பட்ட பிறகு பச்சையை ஒரு நொடிக்குள் உமிழ்ந்துவிடும். சிவப்பை உமிழ ஏறக்குறைய இரண்டு நிமிடம் எதனுடனும் மோதாமல் தனித்திருக்க வேண்டும். கீழே காற்று அடர்த்தி. அந்தத் தனிமை கிடைக்காது. அதனால்தான் சிவப்பு மாடியில் மட்டும் இருக்கிறது. மாடியில் இருப்பது தொலைவிலிருந்தும் தெரியும். பாஸ்டனுக்கு 1,100 கிலோமீட்டர் வடக்கே, கியூபெக்கின் உட்பகுதியில் ஒளி ஆடிக்கொண்டிருந்தால் அதன் பச்சை அடி நமக்கு அடிவானத்தில் மறைந்துவிடும்; 400 கிலோமீட்டர் உயரத்துச் சிவப்பு முனை அடிவானத்துக்கு மேல் பதினைந்து பாகை எழுந்து நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி பத்துப் பாகை. ஒன்றரை முஷ்டி. நடுத்தர அட்சரேகையில் இருப்பவர்களின் படங்களில் பச்சை கொஞ்சமாகவும் சிவப்பு தாராளமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கே.பி. எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மூன்று மணி நேரத்துக்கான மதிப்பெண் அது. முடிவு தெரிவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கலாம். நான் பார்ப்பது பி.இசட். என்னும் இன்னோர் எண். சூரியனிலிருந்து வரும் துகள் கூட்டம் தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தப் புலம் வடக்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தப்புலம் சாத்திய கதவாக நின்றுவிடும். எவ்வளவு பெரிய கூட்டம் வந்தாலும் வெளியே தட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். தெற்கு நோக்கித் திரும்பினால் கதவு திறந்துகொள்ளும். தெற்கு என்பதைக் கழித்தல் குறியால் காட்டுவார்கள். கழித்தல் 5 என்றால் பாஸ்டனில் ஒன்றும் நடக்காது. கழித்தல் 20-இல் சில மணி நேரம் நிலைத்திருந்தால் கார் சாவியைத் தேடலாம்.

இதில் ஒரு கொடுமை உண்டு. சூரியனில் வெடிப்பு நடந்ததையும், கூட்டம் கிளம்பியதையும், எப்போது வரும் என்பதையும் ஓரளவுக்குச் சொல்லிவிடுகிறார்கள். அது எந்தத் திசையில் காந்தப்புலத்தைச் சுமந்து வருகிறது என்பது மட்டும் வாசலுக்கு வரும்வரை தெரியாது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், எல்1 என்ற புள்ளியில் காவல் நிற்கும் விண்கலங்களைக் கூட்டம் கடக்கும்போதுதான் பி.இசட். தெரியும். நொடிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அங்கிருந்து பூமிக்கு அரை மணி நேரம். பாஸ்டன் நெரிசலில் அந்த அரை மணி நேரத்தில் நகர எல்லையைத் தாண்ட முடிந்தால் அதுவே சாதனை. நம் ஆதித்யா-எல்1 2024 ஜனவரியிலிருந்து சுற்றுவதும் இந்தப் புள்ளியைத்தான். அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதை எங்கள் வீட்டில் யாராவது நினைவுபடுத்தாமல் இந்தப் பேச்சு முடிவதில்லை.

அடுத்த தடை மேகம். கடலோர நகரம் என்றால் திறந்த வானம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வசந்த காலத்தில் கிழக்குக் காற்று அடித்தால் மெய்ன் வளைகுடாவின் குளிர்ந்த நீருக்கு மேலிருந்து தாழ்ந்த மேகம் தவழ்ந்து வந்து கரையை மூடிவிடும். முப்பது மைல் உள்ளே போனால் நட்சத்திரம் தெரியும், கரையில் தெருவிளக்கு தெரிந்தால் பெரிது. இலையுதிர் காலம் நம் பக்கம். கனடாவிலிருந்து குளிர் காற்று வடமேற்கிலிருந்து அடித்து முடித்த மறுநாள் வானம் கழுவிவிட்டது போலிருக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டிப் புவிகாந்தப் புயல்கள் கூடுவதும் உண்டு. பூமியின் காந்தப்புலம் அந்நாட்களில் சூரியக் காற்றுக்கு வாகாகச் சாய்ந்திருப்பதே காரணம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாஸ்டனுக்கு நல்ல காலம் செப்டம்பர் பின்பாதியும் அக்டோபரும். மார்ச்சில் சூரியன் ஒத்துழைக்கும், கடல் கெடுக்கும்.

எங்கே நிற்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பாஸ்டன் கரை கிழக்கு நோக்கியது. ரெவியர் கடற்கரையில் நின்றால் முன்னால் அட்லாண்டிக் இருக்கும். ஆனால் நமக்கு வேண்டிய வடக்கில் லின், சேலம் ஊர்களின் வெளிச்சம் இருக்கும். ப்ளூ ஹில்ஸ் மலைக்குப் போகலாமே என்பார்கள். உயரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து வடக்கே பார்த்தால் மொத்த பாஸ்டனின் மின்விளக்கும் அடிவானத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும், ஒளி வர வேண்டிய அதே ஒன்றரை முஷ்டியில். நகரம் முதுகுக்குப் பின்னால் போக வேண்டும். கண் முன்னே வடக்குத் தண்ணீராக இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேரும் இடம் மாசசூசெட்ஸ் கரையில் அதிகமில்லை. ஒன்று கேப் காடின் நுனியில் ப்ராவின்ஸ்டவுன் ரேஸ் பாயின்ட், அது தொலைவு. இன்னொன்று கேப் ஆன். அதிலுள்ள ராக்போர்ட் ஊரின் வடக்கு விளிம்பில் கருங்கல் பாறைகள் கடலுக்குள் இறங்குகின்றன. ஒரு காலத்தில் கல்குவாரிகளால் பிழைத்த ஊர். பாறையில் உட்கார்ந்தால் எதிரே இப்ஸ்விச் விரிகுடா. அதற்கப்பால் நியூ ஹாம்ப்ஷயர் கரையின் சில விளக்குகள் மட்டும்.

அக்டோபர் 10 அன்று நாங்கள் போனது அங்கேதான். இரண்டு நாளைக்கு முன் இரவில் சூரியனில் வெடிப்பு. அன்று முற்பகலிலேயே கூட்டம் வந்து மோதிவிட்டது. மதியம் ஜி4 அறிவிப்பு. பி.இசட். கழித்தல் 30-க்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த மாதம் மாசசூசெட்ஸில் மழை மிகக் குறைவு. பின்னர் காட்டுத்தீயில் கொண்டுபோய் விட்ட வறட்சி அது. வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை. தொலைக்காட்சியில் யாருக்கும் இதைப் பேச நேரமில்லை. முந்தைய இரவுதான் மில்டன் சூறாவளி ஃபுளோரிடாவில் கரை கடந்திருந்தது.

என் மாமியார் அப்போது எங்களோடு இருந்தார். திருநெல்வேலிக்காரர். பூமியின் காந்த நடுக்கோடு போவது அந்தப் பக்கமாக. அதை ஆராயவே அங்கே ஓர் ஆய்வகம் இருக்கிறது. காந்தக் கணக்கில் துருவ ஒளியிலிருந்து அதற்கு மேல் விலகி ஓர் ஊரில் ஒருவர் பிறக்க முடியாது. அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. சேலைக்கு மேல் என் மனைவியின் குளிர்கால அங்கி, தலையில் குரங்குக் குல்லாய், கையில் முறுக்கு டப்பாவோடு பாறையில் உட்கார்ந்தார்.

ஏழு மணிக்குப் பிறகு நன்றாக இருட்டியது. தெற்கே அரை நிலா. வடக்கே, விரிகுடாவுக்கு மேல், சாம்பல் பூசினாற்போல ஒரு வெளுப்பு. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் போனை உயர்த்தினார்கள், நானும் உயர்த்தினேன். மூன்று நொடி ஆடாமல் பிடித்தால் திரையில் ரோஜா நிறம் கொட்டிக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் சாம்பல். அத்தையிடம் திரையைக் காட்டினேன்.

"கண்ணுக்குத் தெரியாததைப் போனில் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா, மாப்பிள்ளை? வீட்டிலேயே பார்த்திருக்கலாமே" என்றார்.

நியாயமான கேள்வி. மங்கலில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் தெரியாது; சிவப்பு என்றால் ஏறக்குறைய குருடு. போன் மூன்று நொடி வெளிச்சத்தைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. இணையத்தில் பரவும் படங்களில் பாதி இப்படிப்பட்டவை. அவை பொய்யில்லை, எடுத்தவர் கண் கண்டதும் இல்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே எழுந்து நின்று வடக்கே கை காட்டினார்.

"அங்கே பாருங்கள், ஏதோ ஊர் தீப்பிடித்து எரிகிறது."

ஊர் எதுவும் எரியவில்லை. போன் இல்லாமலே தெரிந்தது. அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி என்ன, பாதி வானத்துக்கு ஏறிய சிவப்பு. அதற்குள் செங்குத்தாக வெளிர்த் தூண்கள், மெல்ல மேற்கே நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்று மங்கும், பக்கத்தில் ஒன்று எழும். பாறையெங்கும் பேச்சு நின்று, பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தெரியாத ஒருவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கால் மணி நேரம் இருக்கலாம். பிறகு பழையபடி சாம்பல். பத்து மணி வாக்கில் இன்னொரு முறை எழுந்தது என்று இருந்தவர்கள் சொன்னார்கள்; நாங்கள் அதற்குள் முறுக்கு தீர்ந்து, குளிர் தாங்காமல் கிளம்பிவிட்டோம்.

தீ என்று அவர் நினைத்ததில் அவருக்கு நல்ல துணை உண்டு. திபேரியஸ் பேரரசர் காலத்தில் வானம் சிவந்ததைக் கண்டு, ஆஸ்தியா துறைமுகம் எரிகிறது என்று ரோமானியப் படைப்பிரிவு ஒன்று உதவிக்கு ஓடியதைச் செனெக்கா எழுதி வைத்திருக்கிறார். ஆஸ்தியாவும் நம் கோட்டிலிருக்கும் கடலோர ஊர்தான். அவர்களிடம் பி.இசட். பார்க்கச் செயலி இல்லை. போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இனிமேல் எப்படி? இப்போதைய சுழற்சி 2024-இல் உச்சத்தைத் தொட்டுவிட்டது. உச்சம் முடிந்ததும் சூரியன் கடையைக் கட்டிவிடும் என்று எண்ண வேண்டாம். முன்பு சொன்ன 2003 அக்டோபர்ப் புயல் அந்தச் சுழற்சியின் உச்சத்துக்கு இரண்டாண்டு கழித்து வந்தது. 2025 நவம்பரிலும் ஒரு ஜி4 வந்து ஃபுளோரிடா வரை தெரிந்தது. இறங்குமுகத்தில்தான் சூரியன் இப்படிச் சில வேலைகளைக் காட்டும். அடுத்த ஓரிரு இலையுதிர் காலங்களை நான் விடப்போவதில்லை. அதற்குப் பிறகு சில ஆண்டுகளுக்குக் குழுவில் என் பழைய பதிலையே வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

சென்னையிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் நண்பர்கள் கேட்கிறார்கள்: துருவ ஒளி பார்க்க பாஸ்டனுக்கு வரலாமா? வர வேண்டாம். இங்கே குடியிருப்பவனுக்கு மட்டுமே இது கட்டுப்படியாகும். மதியம் பார்த்துச் சாயங்காலம் கிளம்பக் கூடியவனுக்கு. அது மட்டுமே குறி என்றால் பாஸ்டனில் இறங்காமல் விமானம் மாறி ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் போய்விடுங்கள். நேரடி விமானத்தில் ஐந்து மணி நேரத்துச் சொச்சம். அங்கே கே.பி. 2 போதும், மேகம் மட்டும் விலக வேண்டும். இல்லை, பாஸ்டனையும் பார்க்க வேண்டும் என்றால் அக்டோபரில் வாருங்கள். வானம் சிவக்குமா என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். மேப்பிள் மரங்கள் சிவக்கும். அவற்றுக்கு எந்தச் செயலியும் பார்க்க வேண்டியதில்லை.